பெரியம்மா அணைத்த எஞ்சின்

சித்தப்பாவுக்குப் பரிசம் போட, பெல்மதுளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து கேகாலைக்குப் புறப்பட்டபோது எனக்கு எட்டு வயது. போனது பெரியப்பாவின் பழைய வேனில். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கி அவர் பிழைத்துக்கொண்டிருந்ததும் அதை வைத்துத்தான். முதல் நாள் எஞ்சின் ஒயிலை அவரே மாற்றியிருந்தார். தன் வண்டியில் இன்னொருவன் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

இரத்தினபுரிக்குச் சற்று முன்னால், ஓர் ஏற்றத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. முன்சீட்டில் பெரியம்மாவின் மடியிலிருந்த எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

"என்னங்க, செவப்பு எரியுது."

"பல்பு கோளாறா இருக்கும். நல்ல நேரம் முடியறதுக்குள்ள போய்ச் சேரணும். பேசாம வா."

"செவப்பு எரிஞ்சா அந்த எடத்துலயே நிப்பாட்டணும்னு நீங்கதானே எல்லா டிரைவர்மாருக்கும் சொல்லுவீங்க?"

"அது அவனுங்களுக்கு."

எஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. பெரியம்மா பெரியப்பாவின் கைக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டார்.

ஏற்றமானதால் வேன் தானாகவே தயங்கியது. பெரியப்பா அதைத் திணறித் திணறி ஓரம் கட்டினார். "ஒனக்குப் பைத்தியமாடி?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்படியா என்று பின்சீட்டில் ஒருவர் முனகினார். பெரியம்மா அசையவில்லை.

"ஒரு தடவை ஒயிலப் பாருங்க. அப்புறம் என்னையத் திட்டுங்க."

அவர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தார். நுனியில்கூட ஈரமில்லை. பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தார். ஒயிலை வடியவிடும் அடி நட்டு, அவர் முதல் நாள் சரியாக இறுக்காத அதே நட்டு, கழன்று கடைசிப் புரியில் நின்றது.

கடையிலிருந்து வந்து குனிந்து பார்த்த த்ரீவீலர்காரர் ஒருவர் சிங்களத்தில், "தவ டிக்கக் கியா நம் என்ஜின் எக்க இவராய், ஐயே" என்றார். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கிற்று. ஒயில் வாங்க மாப்பிள்ளையை அவரே தன் வண்டியில் இரத்தினபுரிக்கு ஏற்றிப் போனார். சித்தப்பா சந்தனப்பொட்டோடு ஒயில் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

நட்டை இறுக்கி, ஒயில் ஊற்றி, பெரியப்பா சாவியைத் திருகினார். சிவப்பு எரிந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. அந்தக் கடகட சத்தமும் இல்லை. நாங்கள் போட்ட கூச்சலில் கடைக்காரரும் கை தட்டினார்.

நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பெண் வீட்டில் தட்டை வைத்தோம். வேட்டியில் என்ன கறை என்று பெண்ணின் அப்பா கேட்டார். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நட்ட இறுக்காதது நாந்தாங்க. இவ சொல்லியும் கேக்காதது நாந்தாங்க. இவ மட்டும் சாவியத் திருகலேன்னா இன்னைக்கு எஞ்சினும் இல்ல, நாங்களும் இங்க வந்திருக்க மாட்டோம்."

பெரியம்மாவைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால் நல்லதாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சபை சிரித்தது. பெண்ணின் அப்பா உள்ளே பார்த்து, "மொதத் தேத்தண்ணி அந்த அம்மாவுக்குக் குடுங்க" என்றார்.

எல்லா ஆண்களுக்கும் முன்பாகப் பெரியம்மாவின் கைக்குக் கோப்பை வந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று வழிந்தது.

நான் அவர் முந்தானையை இழுத்தேன்.

"சுடுதா பெரியம்மா? ஊதிக் குடிங்க."