பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு எச்.பி.

முதலில் வந்தது கருவாட்டு வாசனை. குளிர் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் இயந்திரத்தின் வாய்க்கு நேரே கையை நீட்டினால் மட்டுமே தெரிகிற அளவுக்கு. பக்கத்து வீட்டு அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த கருவாட்டின் புகையை இழுத்து, கடற்கரையில் இருந்த காலத்தில் தன் வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருந்த உப்புத் துருவின் நெடியையும் அதோடு கலந்து எங்கள் அறைக்குள் ஊதிய அந்தப் பழைய "ஏர்கோன்"தான் எங்கள் லயத்துக்கு வந்த முதல் குளிர்சாதனம்.

சி ரூசா கடற்கரையில் ஒரு சிறு தங்கும் விடுதி தன் ஜன்னல் பெட்டிகளைக் கழற்றி விற்றபோது, அப்பா அவற்றில் ஒன்றைத் தோட்டத்து லோரியில் போட்டுக் கொண்டுவந்தார். போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பரும் செம்பனையும் கலந்து கிடந்த தோட்டம் எங்களுடையது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள் கொண்டது ஒரு லயம். அப்பா அங்கே லோரி ஓட்டினார், அம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். மழை விட்ட ஒரு காலையில் மேட்டில் வழுக்கி, பால் வாளியோடு விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த ஆண்டு முழுவதும் அவர் படுக்கையிலேயே இருந்தார். படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் ஒரு புண் வந்து, ஆறாமல் நின்றது.

வெக்கையும் வேர்வையும் இருக்கிறவரை அது ஆறாது, ஈரமில்லாத குளிர்ந்த அறை வேண்டும் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அம்பாங்கானில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, அதைக் கேட்டதும் முடிவே சொல்லிவிட்டார். "எங்க வீட்டுல ரூம்புக்கு ரூம்பு ஏர்கோன் இருக்கு தம்பி. சரசுவ எங்கிட்ட விட்டுரு. பாப்பாவுக்கு ஸ்கூலு இருக்கு, அது உங்கூட இருக்கட்டும்." அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் புண் ஆறாவிட்டால் அம்மா அம்பாங்கானுக்குப் போவது என்று பேசி முடித்தார்கள். அப்பா விடியுமுன் வேலைக்குப் போகிறவர். அம்மா போய்விட்டால் பள்ளி விட்டு வந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வீட்டில் நான் மட்டுமே இருப்பேன் என்பது யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

அப்பாவின் கூட்டாளி மணியம், ராணுவ முகாமில் மின்வேலை பார்த்தவர், பெட்டியை மாட்ட வந்தார். அளவு நாடாவைத் தரையில் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "பத்துக்குப் பத்துண்ணே. இந்த ஒன் எச்.பி. மிஷினு தாராளம்லா. நாளைக்குக் கம்பளி தேடுவீங்க" என்றார். ஜன்னலின் ஒரு பாதியை அறுத்தெடுத்துப் பெட்டியைச் செருகினார்கள். அது முதன்முதலாக உறுமியபோது லயத்தின் எல்லா வீட்டு விளக்குகளும் ஒரு கணம் மங்கித் தெளிந்தன.

கம்பளி தேவைப்படவில்லை. முதல் வாரம் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக அம்மாவின் கால்மாட்டில் சொட்டியது. பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று கண்டு, முன்விளிம்புக்கு அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து வெளிப்பக்கம் சரித்ததும் அது நின்றது. அடுத்த வாரம் காற்றே குறைந்துபோனது. முகப்பைக் கழற்றினால், தூசி தடுக்கும் வலை அடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துத் தடித்திருந்தது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துவது என் வேலையாயிற்று. உப்பு தின்று மடங்கிக் கிடந்த உள் தகடுகளை அப்பா பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். காற்று வந்தது, ஆனால் அறை குளிரவில்லை. அறை குளிர்ந்ததும் தானாக நிற்க வேண்டிய பெட்டி காலையிலிருந்து மாலைவரை நிற்காமலே ஓடியது. அம்மாவின் படுக்கை விரிப்பு முன்போலவே நனைந்தது.

மணியம் மறுபடி வந்து வாயுவின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். "மிஷினு நல்லாத்தான் இருக்குண்ணே."

"அப்ப ரூம்பு ஏன்டா வேகுது?" என்றார் அப்பா.

அதற்குப் பதில் சுவருக்கு மேலிருந்து வந்தது. "அண்ணே, அந்த டப்பாவ கொஞ்சம் எம்பக்கம் திருப்பி வைங்க. கரண்டு பில்லு உங்களது, காத்தாவது பொதுவா இருக்கட்டும்."

குரல் பக்கத்து வீட்டுப் பாக்கியம் சின்னம்மாவுடையது. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும், அதற்கு மேல் ஆறு வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே தகரம். நெருப்புப் பெட்டியும் கறிவேப்பிலையும் அந்த வழியாகத்தான் கைமாறின. காட்டு வேலை முடிந்து நண்பகலில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே சின்னம்மா, வேலையை மேற்பார்க்கும் மண்டோரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "அக்கா, அந்த மண்டோரு இன்னிக்கு என்னா செஞ்சான் தெரியுமா?" அம்மா படுத்தபடியே, "மொதல்ல கையக் கழுவிட்டு உலைய வையி, மண்டோரு எங்கயும் ஓடிற மாட்டான்" என்பார். பிறகு இருட்டும்வரை அந்தப் பேச்சு விட்டுவிட்டு ஓடும். புளி எவ்வளவு கரைப்பது என்பதிலிருந்து யார் வீட்டுப் பெண்ணை யார் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதுவரை அம்மாவுக்கு எல்லாம் அந்த இடைவெளி வழியாகவே வந்து சேர்ந்தது. அதை ஓர் ஓட்டை என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை.

சின்னம்மாவின் கேலிக்கு அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, குரல் வந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். மணியமும் பார்த்தார். "தரைய மட்டும் அளந்துட்டோம்ணே" என்று மெதுவாகச் சொன்னார். பத்துக்குப் பத்து அறைக்கென்று வாங்கிய பெட்டி ஆறு வீட்டுக் கூரைச் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளைவூட் பலகைகள் வந்தன. நடுச்சுவரின் மேல் அடைக்கும்போது அந்தப் பக்கம் நாற்காலியில் ஏறி நின்று பலகையைத் தாங்கிப் பிடித்தவர் சின்னம்மாதான். "நேரா இருக்காண்ணே?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி ஆணி இறங்கியதும் அந்தக் குரல் வேறெங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. தகரத்துக்குக் கீழேயும் பலகை அடித்து, கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தார்கள். மாலையில் பெட்டி முதன்முறையாகத் தானாக நின்றது. அப்பா கையைத் தட்டினார்.

புண்ணின் ஓரங்கள் உலரத் தொடங்கின. அம்மா பேச்சைக் குறைத்தார். சின்னம்மா வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்காருவார். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குக்கா. சளி புடிச்சிரும்போல" என்று சொல்லி எழுந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சமைத்துக்கொண்டே பேசியவர், பேசுவதற்கென்று குளித்து உடை மாற்றி வர வேண்டியிருந்தது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல என்னா சத்தம் கேட்டுச்சு?" என்பதாகிவிட்டது. நான் போய் விசாரித்து வந்து ஒன்றுவிடாமல் சொல்வேன். கேட்டு முடித்துவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூடிய கதவுக்குள் நாங்கள் இருவரும் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த அந்தப் பிற்பகல்களில்தான் ஒரே அறையில் இருந்தும் இரண்டு பேர் தனித்தனியாக இருக்க முடியும் என்று கண்டேன்.

ஆஸ்பத்திரியில் புண் ஆறிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அம்மா அப்பாவிடம், "நான் அம்பாங்கானுக்கே போறேன்" என்றார்.

"ஆறிருச்சில்ல சரசு, இனிமே எதுக்கு?"

"அடைச்ச ரூம்புதானே. இங்க கெடந்தா என்னா, அங்க கெடந்தா என்னா. அங்கன்னா உங்க அக்காகாரி ஏசுறதாவது காதுல விழும்."

அப்பா மறுநாள் வேலை முடிந்து வந்து, நடுச்சுவருக்கு மேலிருந்த பலகையில் ஓர் அகலமான சதுரத்தை அறுத்தார். அதற்குக் கீல் போட்டு, கட்டிலிலிருந்தே இழுக்கிற மாதிரி ஒரு கயிறும் கட்டினார். நண்பகலில் சின்னம்மா வருகிற நேரத்துக்கு ஏர்கோனை அடைத்து நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மா கயிற்றை இழுப்பார். விளக்கு வைத்ததும் தளர்த்துவார். "வந்துட்டியா?" "இந்தா வந்துட்டேன்கா, தொறந்தாச்சா கடைய?" என்று தொடங்கும். வெக்கை மறுபடி வந்தது, புண் திரும்ப வரவில்லை. அம்பாங்கான் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பிறகு தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்கத் தொடங்கினார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குப் போயின. சின்னம்மாவின் கணவருக்குப் போர்டிக்சனில் வேலை கிடைத்தது, அவர்களுடைய சாமான்களை ஏற்றிப்போனது அப்பாவின் லோரிதான். மறுநாள் நண்பகலில் அம்மா வழக்கம்போல் ஏர்கோனை அடைக்கச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். வெயிலில் தகரம் விரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த சில நாட்களும் இழுத்தார். ஒருநாள், "ஏர்கோன தொறந்துரு பாப்பா. குளுரு இருக்கறப்ப எதுக்கு வேகணும்" என்றார். நான் ஏர்கோனை ஓடவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சதுரம் மூடியே கிடந்தது.

இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. அம்மாவும் இல்லை. நான் அம்பாங்கானில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். சுவர்கள் கூரைவரை போகின்றன. மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவுகிறேன், சர்வீஸ் செய்கிறவர் வந்தால் நீர் வடியும் குழாயையும் பார்க்கச் சொல்கிறேன், பெட்டி குறைவின்றி ஓடுகிறது. வலப்பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வேலை முடிந்து அவர் வந்துவிட்டார் என்பதைப் பின்சந்துச் சுவரில் அவருடைய ஏர்கோனின் கம்ப்ரசர் ஓடத் தொடங்குவதை வைத்துத் தெரிந்துகொள்வேன். இந்த வாரம் அது ஓடவில்லை. நேற்று மாலை அவருடைய கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்த பிறகுதான், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.