வறுத்த அரிசி மணம்

கார் விபத்தில் தப்பிய மகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக் குவாம் தீவுப் பெண்மணி, தங்கள் ஊரில் செபமாலைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும், தீவின் பூர்வகுடிகளான சாமோரோ மக்களின் சூப்பைச் சட்டியோடு கொண்டுவந்தார். வறுத்தரைத்த அரிசியும் கோழியும் சேர்த்துக் காய்ச்சியது. மூடியைத் திறந்ததும், போரில் இடம்பெயர்ந்து நாங்கள் தங்கியிருந்த, இன்று தரைமட்டமாகிவிட்ட மன்னார்ப் பள்ளி மண்டபம் அந்த மணத்தில் எழுந்து நின்றது: விறகுப் புகை, தகரக் கூரையில் மழை, சிரட்டைகள் உரசும் ஓசை, “இந்தா பிள்ளை, ஆற முதல் குடி” என்றபடி, வேணுமா என்று எவரையும் கேட்காமல் வரிசையாக வறுத்தரிசிக் கஞ்சி வார்த்துக்கொண்டே போகும் அம்மா.

மூன்று நாளும் மகளிடம் வேணுமா என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். இன்று கேட்கவில்லை. சூப்பை ஊற்றிய கோப்பையை அவள் கையில் வைத்து, “இந்தா பிள்ளை, ஆற முதல் குடி” என்றேன்.

“இட்ஸ் ஹாட்” என்று முணுமுணுத்தபடி குடித்தவள், கோப்பையை மறுபடி நீட்டினாள்.