மஞ்சள் கோடும் மரங்கொத்திச் சித்தியும்

என் சித்தி விளையாட்டரங்கம் கட்டும் இடத்தில் சுவர் கொத்துகிறார். வயர் போகவேண்டிய இடங்களில் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின் மேலேயே மெஷினை வைத்து ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் எடுக்கவேண்டும். அங்கே அவருக்கு மரங்கொத்தி என்று பெயர். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் நிற்பதால், வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் நாலு தெருவுக்குக் கேட்கும்.

அந்த அரங்கத்தில் ஓர் ஓவியரை ஆறு மாதம் தங்க வைத்திருந்தார்கள். கட்டட வேலைக்கு நடுவிலேயே ஒரு தகர அறை, தலையில் ஹெல்மெட், கையில் நோட்டு. வேலை செய்பவர்களைப் பார்த்து வரைந்து, கடைசியில் வீரர்கள் மைதானத்துக்குள் நுழையும் வழியில் பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டித் தரவேண்டும். எல்லாருக்கும் அவர் ஓவியக்காரம்மா.

ஒரு திங்கட்கிழமை சித்தி அந்த வழிக்குள் போனார். சுவர் முழுக்க மஞ்சள் கோடு, வளைந்து நெளிந்து. சாரத்தில் ஏறி மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்றால் கோடுதான் தெரியும், உருவமா தெரியும்?

"இந்த வயர்காரனுங்களுக்கு ஒரு கோடு நேரா போட வராது" என்று திட்டிக்கொண்டே கொத்த ஆரம்பித்தார். மதியத்துக்குள் சுவரின் ஒரு மூலை முடிந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தால், ஓவியக்காரம்மா சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். பக்கத்தில் இன்ஜினியர்.

"யாரு கொத்துனது?"

"நான்தான் சார். மஞ்சக் கோடு போட்டிருந்துச்சே."

"அது அம்மா படத்துக்குப் போட்ட கோடு! மூணு வார வேலை!"

சித்திக்கு அது எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தார். கோடுகளுக்குள் சாரம் ஏறும் ஓர் ஆள், கம்பி தூக்கும் இரண்டு பேர் தெரிந்தார்கள்.

"ஐயோ, தெரியாம பண்ணிட்டேன் சார். வேலைய விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க."

இன்ஜினியர் பத்து இடத்தில் பள்ளத்தை அளந்தார். எல்லாம் ஒரே ஆழம். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி எங்கும் வெளியே வரவில்லை.

"சுவருக்கு ஒண்ணும் ஆகல" என்று ஓவியக்காரம்மாவைப் பார்த்தார். "படத்துக்கு நீங்கதான் சொல்லணும்."

ஓவியக்காரம்மா பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தார். வாசல் பக்கமிருந்து விழுந்த வெயிலில், ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தங்கியிருந்தது. திரும்பும்போது சிரித்தார்.

"பெயிண்ட் அடிச்சா இந்த நிழல் வருமா? அக்கா, மீதியையும் நீங்களே கொத்துங்க."

"நக்கல் பண்ணலையே?"

"சத்தியமா இல்லக்கா."

அதற்குப் பிறகு பத்து நாள் சித்திக்கு அந்தச் சுவர்தான் வேலை. கோடு அவருடையது, கொத்து இவருடையது. கடைசி உருவம், மெஷின் பிடித்த ஒரு பெண். முகத்தைக் கொத்தும் முன் சித்தி சாரத்திலிருந்து இறங்கி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?"

"பாத்ததத்தான் வரைஞ்சேன்."

"நல்லாப் பாத்தீங்க போங்க!"

மறுபடி மேலே ஏறி, மூக்கை மட்டும் கோட்டுக்கு அரை விரல் உள்ளே தள்ளிக் கொத்தினார். ஓவியக்காரம்மா தடுக்கவில்லை. கீழே நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.