இடப்பக்கம் ஒட்டி நின்ற தேதி

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. என் வீட்டுக்காரர் அதே முதலாளியிடம் டிரைவர். எந்த வண்டிக்கு எப்போது பிரேக் லைனர் மாற்ற வேண்டும் என்று எக்செல்லில் ஒரு ஷீட் வைத்திருந்தேன். கெடு தேதி தாண்டிவிட்டால் கட்டம் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. ஃபார்முலா நான் எழுதியது. முதலாளிக்கு அந்தக் கலர் என்றால் உயிர். காலையில் வந்ததும், "எல்லாம் பச்சைங்களா அம்மணி?" என்பார்.

அன்றைக்கு மத்தியானம் ஷீட்டைப் பார்த்தால், எல்லாத் தேதியும் வலப்பக்கம் நிற்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. அது முதலாளி அடித்த தேதி. லாரியில் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, முடியும் தேதியை எழுதுகிற மாதிரி நடுவில் புள்ளி வைத்திருந்தார். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். எக்செல்லுக்கோ அது தேதியே இல்லை, வெறும் எழுத்து. தேதியை அது எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும்; எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரிது என்பது அதன் கணக்கு. அப்புறம் அந்தக் கெடு எந்தக் காலத்தில் தாண்டும், கட்டம் எப்போது சிவக்கும்?

புள்ளியை எடுத்துவிட்டுக் கோடு போட்டேன். கட்டம் சிவந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டும் வண்டி! ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். ஸ்டியரிங் பிடித்தால் போனைத் தொடாத மனுசன். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்த அந்தப் பழக்கத்தை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இத்தன பதட்டம்? அந்த வண்டி பச்சையாத்தான இருந்துச்சு?"

"உங்க பச்சையில தீய வெக்க!" என்று கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

போன் அடித்தது. அவர்தான்.

"இறக்கத்துக்கு முன்னால டீக்கடையில நிக்கறேன் புள்ள. எதுக்கு இத்தன தடவ கூப்பிட்ட?"

"அங்கியே நில்லுங்க! லைனர் கெடு தாண்டிருச்சு. மெக்கானிக் வராம வண்டியத் தொட்டீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்." அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அவர் மெதுவாகச் சொன்னார். "பிரேக்கு லேட்டாப் புடிக்குதுன்னு போன வாரமே மொதலாளிகிட்டச் சொன்னேன். ஷீட்டுல பச்சையா இருக்குதுன்னாரு."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ போட்ட கலராச்சே புள்ள. என்ற காலுதான் தப்புன்னு நெனச்சுட்டேன்."