கங்காவுக்கு நான் போட்ட வட்டங்கள்

ஆடிக் கூழ் ஊற்றிய அன்று கோவில் வாசலில் என் மகள் ரூபினி அசையாமல் நின்றுவிட்டாள். பாவாடையில் கறை. நான் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக் கங்கா கவனித்தாள். தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி, "யாராச்சும் கேட்டா ஃபேஷன்னு சொல்லு லா" என்று சிரிக்கவைத்து, பின்னாலேயே ஒட்டி நடந்து வீட்டில் விட்டாள். "முதல் ரெண்டு வருஷம் முன்னப்பின்னதான் வரும்டி, பயப்படாதே" என்றாளாம். ரூபினி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் அடுக்குமாடியில்தான் கங்காவும் இருந்தாள். ரவாங்கில் ஃபேக்டரி வேலை. கணவர் கணேஸ்வரன் தோட்டத்திலிருந்து செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு இருதய வால்வு கெட்டிருப்பது தெரிந்தது. இன்னொன்று சுமந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கருத்தடை ஊசி போட்டுவந்தாள்.

எங்கள் மாரியம்மன் கோவிலில் பால்குடம் எடுக்கும் பெண்களுக்கு நாள் பார்ப்பது நான். யாருக்கு எப்போது தீட்டு வரும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன்.

"கங்கா, உனக்கு எப்போ?"

"ஆறு மாசமா வரலக்கா."

"ஐயோ தாயே! கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குதா?"

"தங்குறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஊசி போட்டா சில பேருக்கு அப்படித்தான்னு நர்ஸ் சொன்னாங்க. பிடிக்கலன்னா கையில வைக்கிற குச்சி இருக்கு, கர்ப்பப்பையில வைக்கிறது இருக்கு."

எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மன் கொடுத்ததை நிறுத்தலாமா? ஊசியை நிறுத்தச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"பால்குடத்துக்கே நாள் பாக்குறவங்க, எனக்குப் பாக்க மாட்டீங்களா?" என்று சிரித்து நம்பினாள்.

ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்துத் தீட்டு வந்தது. அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றினேன். கணவரோடு சேரக்கூடாத நாட்களுக்கு என் வீட்டுக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு அவளுக்குச் சொன்னேன். ஊசியை நிறுத்திய உடம்பு வட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒருமுறை இருபது நாளில், மறுமுறை ஐம்பது நாளில். அது சகஜம்தான், அதனால்தான் நாள் எண்ணி நம்பக்கூடாது என்று நர்ஸ் சொன்னபோது கங்காவுக்கு ஐந்து மாதம்.

ஏழாம் மாதம் மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

அந்தக் காலண்டரைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. சாமி கும்பிடக் கண்ணை மூடினாலும் சிவப்பு வட்டங்கள்தான் தெரிகின்றன.

அன்று ஆம்புலன்சில் ஏற்றும்போது கங்கா என் கையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, ரூபினிக்குக் கல்யாணமானா நீங்க நாள் பாக்காதீங்க. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க லா."