ஆல்ஸ்டர் ஏரியில் இரண்டு சுற்று

ஹாம்பர்க் நகரத்துக்கு நடுவே ஆல்ஸ்டர் என்று ஓர் ஏரி இருக்கிறது. கோடைகாலத்தில் புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும், பல் வைத்தியர், வாத்தியார், கடைக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு அதில் இறங்கிவிடுகிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மூன்று போயா மிதவைகளைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு ஒரு போட்டி. பரிசும் கிடையாது. ஜெயித்தவனுக்கும் கைதட்டல், தோற்றவனுக்கும் கைதட்டல். வந்த புதிதில் கரையில் நின்று பார்த்தபோது, ஒருத்தனாவது ஒருத்தனை வைய மாட்டானா என்று எனக்கு நாக்கு நமநமத்தது. திரேஸ்புரத்துக்காரனுக்குச் சண்டை இல்லாத படகுப் போட்டி உப்பில்லாத குழம்புதான்.

எங்கள் ஊரில் மாதா கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் வள்ளப் போட்டி பாதி ஓட்டம், பாதி அடிதடி. கச்சான் காற்றில் பாய் புடைத்து வரும் வள்ளங்கள் எல்லாம் போயாவில்தான் முட்டிக்கொள்ளும். அங்கே பக்கத்து வள்ளத்தைத் துடுப்பால் நெட்டித் தள்ளுவது தப்பே இல்லை. தள்ளாதவனைத்தான் கரையில் கேலி செய்வார்கள். தள்ளு எப்போது அடியாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்டை உடைந்தவன் தையல் போட்டுக்கொண்டு சாயங்காலம் பந்தியில் வந்து உட்காருவான். அடித்தவனே அவனுக்குக் கறி பரிமாறுவான். அதோடு சரி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அது அதோடு சரியாகவில்லை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, மூக்குக்கு மேலே கோபம். எதிர் வள்ளத்தின் முன்பக்கம் சூசை மச்சான் நின்றார். என் அக்காவின் வீட்டுக்காரர். கடலில் முங்கிச் சங்கு குளிப்பதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் கரையில் ஆள் இல்லை. போயாவில் இரண்டு வள்ளமும் மோதி, என் முழங்கால் நடுவில் மாட்டி நசுங்கியது. “தள்ளுல, சவத்து மூதி!” என்று மச்சான் கத்தினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. துடுப்பை ஓங்கி அவர் முகத்தில் இறக்கினேன். தள்ளவில்லை, அடித்தேன். இடது கண். கையில் அந்த அதிர்வு இன்னும் இருக்கிறது.

அந்த நேரத்தில் பாய் சரிந்து எல்லாரையும் மூடியதால், அடித்தது யாரென்று கரைக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் எங்கள் வள்ளத்து ரொசாரியோ துடுப்போடு நின்றான். அவன் துடுப்பில் ரத்தம் தெறித்திருந்தது. அது போதாதா? கரையேறியதும் பத்துப் பேர் அவன்மேல் விழுந்தார்கள். வலது கையை மணலில் வைத்து மிதித்தே முழங்கையை உடைத்தார்கள். “மாதா சத்தியமா நான் இல்லய்யா!” என்று அலறினான். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்றே மாதத்தில் கப்பலேறினேன். பிழைக்க வந்தோம் என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம். நம்மில் ஓடி வந்தவனும் இருக்கிறான், அதை யாரும் எழுதுவதில்லை. மச்சான் ஒற்றைக் கண்ணோடு, சங்கு குளிப்பதை விட்டுவிட்டு, மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிறார். ரொசாரியோவை அதன் பிறகு யாரும் வள்ளத்தில் ஏற்றவில்லை.

இங்கே துறைமுகப் பட்டறையில் என்னோடு கிரேன் பழுதுபார்க்கும் பிர்கிட்டுக்கு ஒரு சின்னப் படகு இருக்கிறது. துணைக்கு வருகிற ஆள் வரவில்லை என்று ஒரு புதன்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். “நீ கடல்காரன், உனக்குச் சொல்லித்தரவா வேண்டும்?” என்றாள். காற்று செத்துப்போனால் உதவும் என்று கையில் ஒரு துடுப்பையும் கொடுத்தாள்.

இரண்டாவது போயாவில் ஹோல்கர் என்ற ஒரு தடியன் தன் படகைக் கொண்டுவந்து எங்கள் படகின் விலாவில் மோதினான். விளிம்பைப் பிடித்திருந்த பிர்கிட்டின் விரல்கள் நசுங்கி ரத்தம் கொட்டியது. அவ்வளவுதான், எனக்குக் கண்மண் தெரியவில்லை. “ஏலே, ஒன்னக் கொல்லாம விடமாட்டேம்ல!” என்று கத்திக்கொண்டே எழுந்து, துடுப்பை அவன் மண்டைக்கு நேரே ஓங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், உடைத்திருப்பேன்.

அந்த மடையன், நான் உதவிக்குத் துடுப்பை நீட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். இரண்டு கையாலும் அதன் நுனியைப் பற்றி, உந்தித் தன் படகை விலக்கிக்கொண்டு, “டாங்கெ!” என்றான். நன்றியாம்! பிறகு நடு ஏரியில் செக்குமாடு மாதிரி படகை இரண்டு முறை சுற்றினான். மற்ற படகெல்லாம் அவனைத் தாண்டிப் போயின.

“என்னவாம் அவனுக்கு?” என்றேன்.

“மோதினானே, அதற்கு. தப்பு செய்தவன் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.”

“யார் சொன்னது அவனிடம்?”

“யார் சொல்ல வேண்டும்? மோதியது அவனுக்குத் தெரியாதா?” என்று கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள் பிர்கிட். நான் துடுப்பை விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, குளிருகிறதா என்று கேட்டு, தன் கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். ஆமாம், குளிர்தான் என்றேன்.

கரையில் பியர் குடிக்கும்போது ஹோல்கர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். “இந்த ஆள் துடுப்பை நீட்டாவிட்டால் பிர்கிட்டின் கையே போயிருக்கும்” என்று எல்லாரிடமும் சொன்னான். கைதட்டினார்கள். நான் சிரித்தேன். திரும்பவும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள்! வெட்கங்கெட்ட பயல் நான். ரொசாரியோவின் அலறல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ஏரிப் பாலத்தில் நின்று மச்சானைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் ஏலம் போடுகிற இரைச்சல். ஏரி, ஹோல்கர், இரண்டு சுற்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் சொன்னேன்: “மச்சான், அன்னைக்கு ஒங்கள அடிச்சது நாந்தான்.”

“தெரியும்ல. ஒரு கண்ணுதான போச்சு. மத்த கண்ணு பாத்துக்கிட்டுல்லா இருந்துச்சு.”

“பெறகு ஏன் சொல்லல?”

“ஒங்கக்கா அப்ப மாசமா இருந்தா. சொல்லியிருந்தா ஒன்ன மிதிச்சே கொன்னுருப்பானுவ. அவ மொகத்துக்காக வாய மூடுனேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்குண்டு. ரொசாரியோ இங்கனதான் நிக்கான், எடது கையால மீன் கூடையத் தூக்குதான். போனக் குடுக்கட்டா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் கைமாறிவிட்டது. சொன்னேன். அடித்தது நான்தான் என்று.

“ஏலே,” என்றான் ரொசாரியோ, “என்னக் கரையில போட்டுத்தான மிதிச்சானுவ? போன்ல சொன்னா அது கரைக்குக் கேக்குமால? திருவிழாவுக்கு வா. எல்லாவனும் நிக்கும்போது சொல்லு.”

போனை வைத்துவிட்டான். மிதித்தால் மிதிக்கட்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு சுற்றில் ஒன்று ஆல்ஸ்டர் பாலத்தில் முடிந்தது. மற்றது திரேஸ்புரம் மணலில் பாக்கி இருக்கிறது. ஓங்கிய துடுப்பைப் பார்த்து இந்த ஊர் எனக்கு நன்றி சொன்னது. அந்த ஊரில் யாரும் அப்படி ஏமாற மாட்டார்கள்.

லீவு கேட்டபோது, ஊரில் என்ன விசேஷம் என்றாள் பிர்கிட். படகுப் போட்டி என்றேன். விரலில் கட்டோடு என் முதுகில் தட்டி, “ஜெயித்துவிட்டு வா” என்றாள்.