ஸ்டோர் சுவரோரம் வைத்த கணினி

என் உப்பு ஜாடி ஹீட்டர் மேல்தான் இருக்கும். பக்கத்தில் தீப்பெட்டி. பின்லாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் கை தானாக அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறது. காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டு மார்யா அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் சாமிக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஈரம் பிடிக்காமல் இருக்க என்றேன். குளிர்காலத்தில் இங்கே வீட்டுக்குள் உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று வறண்டு கிடக்கும். அவர் நம்பவில்லை. போகும்போது ஜாடியைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

பிறந்தது சிலமலை என்றாலும் நான் வளர்ந்தது போடிமெட்டுக்கு மேலே, ஏலத் தோட்டத்தில். மழை மாதங்களில் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும். உப்பு, தீப்பெட்டி, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரோரம்தான். உள்ளே அடுப்பு எரிந்தால் சுவர் இந்தப் பக்கம் சுடும். இப்போது அக்கா குடும்பம் அந்த ஸ்டோரை ஒட்டிய வீட்டில் இருக்கிறது.

போன முறை ஊருக்குப் போனபோது அக்கா மகள் நந்தினிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி வாங்கிப் போனேன். என் ஜன்னலோரத்தில் இருப்பதும் அதே ரகம். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, ஒரு பல்பு அளவுக்குத்தான் கரண்டு குடிக்கும். அவர்கள் வீட்டுப் பெரிய கணினி இன்வெர்ட்டரை அரை மணியில் காலி செய்துவிடும். இது பகல் முழுக்க ஓடும். குறையையும் மறைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்க வேண்டும், வீடியோவும் விளம்பரமும் நெருக்கியடிக்கும் பக்கங்களில் திணறும் என்றேன். எல்லாம் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆடி மாதம், கல்லூரிக் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதிய வேண்டும். தேனியா, கோவையா என்று யோசித்து யோசித்து நந்தினி கடைசி நாள் வரை இழுத்துவிட்டாள். மாலை ஐந்தோடு மூடிவிடுவார்கள். அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து போடிக்குப் போய்ப் பதியப் பஸ் இல்லை, கரண்டும் இல்லை. போனில் பதிவுப் பக்கம் பாதிதான் தெரிந்தது; போன் நெட்டை இணைத்து அந்தக் குட்டிக் கணினியில் பதிவதுதான் மிச்ச வழி. நானே பதியலாம் என்றால் வெளிநாட்டிலிருந்து தளம் திறக்கவே இல்லை. அங்கே நான்கு மணிக்கு, இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, சுத்திக்கிட்டே நிக்குதுப்பா. புள்ள அழுகுறா. வெரசா ஒரு வழி சொல்லு."

"ஒண்ண மட்டும் தொறங்கன்னு சொன்னேன்ல? பத்தத் தொறந்து வச்சிருப்பீங்க," என்று எரிந்து விழுந்தேன்.

நந்தினி போனை வாங்கினாள். "ஒண்ணுதான் மாமா தொறந்திருக்கேன். காலைல நல்லாத்தான் ஓடுச்சு. இப்பப் பெட்டியத் தொட முடியல, கொதிக்குது."

"எங்க வச்சிருக்க?"

"ஸ்டோர் சொவரோரம். ஈரம் பிடிச்சிரும்ல. மொத எடுப்புல பறிச்ச காய உலத்த இன்னைக்குத்தான் அடுப்பு போட்ருக்காங்க."

வெட்கமாகப் போயிற்று. விசிறி இல்லாத பெட்டி சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை நான் சொல்லவே இல்லை. உப்பை ஹீட்டர் மேல் வைத்திருப்பவனுக்கு, அந்த வீட்டில் அதை எங்கே வைப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"அணச்சிட்டு வாசப்படிக்குக் கொண்டு போ. சாரல் படாம மஞ்சுல வை."

வாசற்படியில் பெட்டி ஆறியதும் நந்தினி மறுபடி போட்டாள். ஆபீஸ் மேசையில் என் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நாலரைக்குப் பக்கம் திறந்தது. "தேனிய மொத போடு ஆத்தா," என்று அக்கா பின்னாலிருந்து சொல்வது கேட்டது. நந்தினி கோவையைத்தான் முதலில் போட்டாள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் பதிந்து முடித்தாள்.

"இனி இத எங்க மாமா வைக்க?"

"சோலி பாக்கும்போது குளிர்ல வை. சோலி முடிஞ்சதும் அணச்சு, சொவரோரம் வச்சிரு."

இப்போது அவள் கோவை விடுதியில் இருக்கிறாள். இங்கே வெளியே பனி கொட்டுகிறது. ஜன்னலோரம் கணினியும் ஹீட்டர் மேல் உப்பும் இருக்க, நடுவில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதுகு சுடுகிறது, விரல் விறைக்கிறது. குளிரில் சோலி, முடிந்ததும் அந்தச் சுவரோரம் என்று நந்தினிக்குச் சொன்ன வழி எனக்கும் சரிதான். சோலிதான் இன்னும் முடிந்தபாடில்லை.